என் தூக்கத்தைப் பார்த்தவள்

என் மனைவி ஏழு மாத காலம் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும் வீட்டுக்கு வந்துபோனாள். மற்ற நாட்களில் திருப்புட்குழியில் தன் தங்கை வீட்டில் இருந்தாள். அங்கிருந்து ஒன்பதே கால் பேருந்தில் ஏறினால் பத்து மணிக்குள் எங்கள் தெருமுனையில் இறங்கிவிடலாம். நான் ஒன்பதரைக்கே அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவேன். அவள் வந்து கூட்டித் துடைத்து, துணி துவைத்து, இரண்டு நாளைக்குத் தாங்கும்படி குழம்பு வைத்துவிட்டு ஐந்து மணிப் பேருந்தில் திரும்புவாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்தே முக்கால் ஆகியிருக்கும். குழம்புச் சட்டியின் அடியைத் தொட்டுப் பார்ப்பேன். அதில் இருக்கும் சூட்டை வைத்து அவள் எப்போது அடுப்பை அணைத்தாள் என்று சொல்லிவிடுவேன். சொன்னால் கேட்பதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

எங்களுக்குள் சண்டை என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. தூக்கத்தில் நான் அவளை அடித்துவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் நாற்பது வயது வரை தறி நெய்தவன். இப்போது ஐம்பத்து மூன்று. ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில், நெய்து வரும் சேலைகளைப் பிரித்துப் பார்த்து வாங்கும் வேலை. சேலையை வெளிச்சத்தில் விரித்து, இழை விட்டிருக்கிறதா, கரை நெளிந்திருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். நாட்குறிப்பு அந்த வேலைக்கு முன்பிருந்தே எழுதுகிறேன். படுத்த நேரம், எழுந்த நேரம், மழை, மின்வெட்டு, யார் வந்தார்கள், என்ன கனவு. கனவை எழுந்தவுடனே எழுதிவிடுவேன். பல் துலக்கிவிட்டு வந்தால் பாதி போய்விடும்.

தறியில் இருந்தபோது நானும் அவளும் கோர்வைச் சேலை நெய்தோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தனி ஆளால் நெய்ய முடியாது. நான் தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதிப்பேன். என் வலப்பக்கம் அவள் உட்கார்ந்து கரைக்கு உரிய நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்கு நடுவே போடுவாள். பன்னிரண்டு வருடம் அப்படி உட்கார்ந்தோம். இரவில் படுக்கும்போதும் அவள் என் வலப்பக்கம்தான்.

எங்கள் சனங்களிடம் ஒரு பேச்சு உண்டு. குழித்தறியில் உட்கார்ந்து எழுந்தவனின் கால் தூக்கத்திலும் மிதிக்கும் என்பார்கள். என் அப்பாவுக்கு மிதித்தது. என் மாமனாருக்கு மிதித்தது. அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. காலையில் கேலி செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். என் கால் தூக்கத்தில் ஆடத் தொடங்கியபோது அவளும் அப்படித்தான் கேட்டாள்.

"நேத்து ராத்திரி தறி ஓடிச்சே. எத்தன மொழம் ஆச்சி?"

"முந்தானை வரைக்கும் வந்துட்டேன்."

"கூலி யாரு குடுப்பா?"

"நீதான்."

ஆறு வருடத்துக்கு முன் இதை முதல் முறையாக எழுதியிருக்கிறேன். 'இரவு தறி ஓடியதாம்' என்று ஒரே வரி. அதன்பின் மாதத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று. காய்ச்சல், பல்வலி, இரத்த அழுத்தம் போன்றவற்றை நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் தனியாக எழுதுவது என் வழக்கம். இதை நான் ஒருமுறைகூட அங்கே எழுதவில்லை. மாவு அரைத்ததற்கும் விருந்தாளி வந்ததற்கும் நடுவில் எழுதியிருக்கிறேன்.

கனவுகளும் அந்த வருடங்களில்தான் மாறின. முன்பெல்லாம் என் கனவுகள் சாதாரணமானவை. பேருந்தைத் தவறவிடுவேன், அலுவலகச் சாவியைத் தேடுவேன். பிறகு வந்தவற்றில் எப்போதும் யாராவது என் மேல் பாய்ந்தார்கள். தண்ணீர் வற்றிய தாமல் ஏரியின் நடுவில் நிற்கிறேன், நான்கு பக்கமும் நாய்கள். வீட்டுக்குள் தெரியாத ஆட்கள் புகுந்து ஜன்னலைப் பெயர்க்கிறார்கள். கனவு என்று தெரியாத அளவுக்கு எல்லாம் துல்லியமாக இருந்தது. நாயின் ஈறு என்ன நிறம் என்றுகூட எழுதியிருக்கிறேன். எழுந்தபின் அரைமணி நேரம் மூச்சு அடங்காது.

ஊரில் ஒரு மருத்துவரிடம் போனேன். பொறுமையான மனிதர். கெட்ட கனவுகள் வருவதாகச் சொன்னேன்.

"தூக்கத்துல எழுந்து நடக்கறது, கை கால் ஒதர்றது, அந்த மாதிரி ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

நான் பொய் சொல்லவில்லை. குறட்டை விடுகிறவனிடம் பாடுவாயா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்வான்? தறி ஓடுவதைக் கை கால் உதறலில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் பேசவில்லை. அவர் மனப் பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, சாப்பிட்ட பின்.

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் அந்தக் கனவு வந்தது. எங்கள் தெருவில் காலையில், தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை நீளமாக நீட்டிக் கட்டியிருக்கிறது. இந்த முனையை நான் பிடித்திருக்கிறேன். தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாகவே வருகிறது. ஓட்டுகிறவனுக்கு நான் கத்துவது கேட்கவில்லை. பாவின் மேல் சக்கரம் ஏறப்போகிறது. ஓடிப்போய் லாரியின் பக்கவாட்டில் இரண்டு கையாலும் குத்துகிறேன். குத்தக் குத்தத் தகரம் அதிர்கிறது.

விழித்தபோது நான் முழங்காலில் நின்றிருந்தேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தாள். விரல்களுக்கு நடுவில் இரத்தம் இறங்கியது. கீழ் உதட்டில் இரண்டு தையல். ஒரு பல் ஆடியது.

மறுநாள் காலையில் நான் கனவை அவளிடம் சொன்னேன். லாரி, பாவு, சக்கரம் எல்லாம் சொன்னேன். அவள் வீங்கிய உதட்டோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தொறந்துக்கினுதான் அடிச்சீங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாதுமா."

"இருவத்தாறு வருசத்துல என்னை ஒரு வார்த்த சொன்னதில்ல நீங்க. ஒரு தட்டத் தள்ளி வெச்சது கெடையாது. எல்லாரும் சொல்லுவாங்க, உனக்குப் போல யாருக்கு அமையும்னு. இப்ப தெரியுது. பகல்ல முழுங்கினதெல்லாம் ராத்திரி வெளிய வருது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லை என்பதற்கு என்னிடம் என்ன சான்று இருந்தது? நான் அங்கே இல்லை. நான் லாரிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அந்த வாரமே அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். தையல் பிரிக்கும் வரைக்கும் என்றாள். தையல் பிரித்தார்கள். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தனியாகப் படுக்கும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. என் தூக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளே நடப்பது மட்டும். வெளியே நடப்பதைப் பார்க்க இப்போது ஆளில்லை. மாத்திரையை நானாகவே நிறுத்தக்கூடாது என்று அந்த மருத்துவரிடம் போய்க் கேட்டு, அவர் சொன்னபடி குறைத்தேன். கனவுகள் நிற்கவில்லை. புனேயில் இருக்கும் எங்கள் மகள், ஃபோனில் வீடியோ எடுத்துப் பாருங்கப்பா என்றாள். மூன்று இரவு முயன்றேன். விளக்கை அணைத்தால் படம் கறுப்பாக இருந்தது. விளக்கைப் போட்டால் தூக்கம் வரவில்லை. மூன்றாம் இரவு தூங்கினேன். ஆனால் ஃபோனில் இடம் நிறைந்து ஒன்றே முக்காலுக்கு நின்றுவிட்டது. அதுவரை போர்வைக்குள் ஒரு மனிதன் அசையாமல் கிடந்தான். எனக்குக் கனவு வருவது மூன்றரைக்கு மேல்.

பிறகு வேறு வழியில் பார்த்தேன். படுக்கும் முன் தலையணையின் நான்கு மூலையையும் பாயில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். காலையில் தலையணை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளவுகோலால் அளந்தேன். ஒருநாள் ஏழு அங்குலம். ஒருநாள் அது அறையின் மூலையில் இருந்தது. என் வலது கை முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. சுவரில் அதற்கு நேராக ஒரு கறை. இதையெல்லாம் எழுதினேன். எழுதியதைப் படித்தால் பூட்டிய வீட்டில் திருடன் வந்துபோனதைப் போல இருந்தது.

சங்கத்தில் சேலை கொண்டுவரும் பெண்கள் கேட்டார்கள். "அக்கா ஊர்ல இல்லியாப்பா? மார்க்கெட்டாண்ட பாக்கவே முடியலியே." தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அந்தத் தங்கையே அடுத்த வாரம் பட்டு எடுக்க எங்கள் தெருவுக்கு வந்து, நன்றாக நின்று பேசிவிட்டுப் போனாளாம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது இன்னும் மோசமாக இருந்தது.

ஐந்தாம் மாதம், பட்டணம் போகும் வழியில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். நரம்பு மருத்துவர், என் மகளைவிடப் பத்து வயது மூத்த பெண்ணாக இருப்பார். என் நாட்குறிப்பிலிருந்து நகலெடுத்த நாற்பது கனவுகளைக் கொடுத்தேன். நான்கைந்து பக்கம் நிஜமாகவே படித்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டார்.

"கனவெல்லாம் ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எனக்கு இது பத்தாது. அந்த நேரத்துல உங்க ஒடம்பு என்ன பண்ணுது? பக்கத்துல படுக்கறவங்க யாரு?"

"யாரும் இல்ல."

"வீட்டம்மா?"

"தங்கச்சி வீட்டுல இருக்காங்க."

"கெட்ட கனவுன்னு ஒண்ணு இருக்குது. தூக்கத்துல வர வலிப்பு இருக்குது. மூச்சு அடைச்சு ஒதர்றவங்க இருக்காங்க. கனவுல செய்யறத நிஜமா செய்யறவங்க இருக்காங்க. நாலுக்கும் வைத்தியம் வேற வேற. பாத்தவங்க சொன்னாத்தான் எங்க தேடணும்னு தெரியும். அவங்கள அழைச்சிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை திருப்புட்குழிக்குப் போனேன். தொலைபேசியில் கேட்கக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. வாசலில் என் சகலை, அதாவது அவள் தங்கையின் கணவன், மோட்டார் பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வா சகல. இன்னா, கனவுல பாக்சிங்லாம் போடறியாமே? ஜெயிச்சியா?"

"தோத்துட்டேன்."

"என் வூட்டுக்காரி முழிச்சிக்கினே அடிப்பா. நான் எந்த டாக்டரப் பாக்கறது?"

உள்ளிருந்து அவள் தங்கை, "வந்தவருக்கு ஒக்கார எடம் குடு மொதல்ல, அப்பறம் பல்ல காட்டு" என்றாள். எனக்குத் தண்ணீர் வந்தது. சொம்பை வைத்த சத்தத்தில் அவளுக்கு என் மேல் இருந்த எண்ணம் தெரிந்தது.

என் மனைவி கூடத்தில் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் தழும்பு வெள்ளைக் கோடாக இருந்தது. நேருக்கு நேர் உட்கார்ந்து பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வந்து இன்னா சொல்லணும்?"

"பாத்தத."

"பாத்தத சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"பரவால்ல. சொல்லு."

அவள் முறத்தைத் தட்டிக் கல்லைப் பொறுக்கினாள். புதன்கிழமை வருகிறேன் என்றாள்.

புதன்கிழமை மருத்துவர் என்னைவிட அவளிடம்தான் நிறையப் பேசினார். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எழுப்பினால் உடனே தெளிவாகப் பேசுவாரா, நாக்கைக் கடித்துக்கொள்வாரா, மூச்சு நிற்குமா. அவள் முதலில் ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொன்னாள். பிறகு, "கால் ஆடுமா?" என்று மருத்துவர் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "அது தறி கால் டாக்டர். எங்க சனத்துல எல்லாருக்கும் இருக்குது. தூக்கத்துல மிதிக்கும்."

"அவங்க சொல்லட்டும் சார்."

என் மனைவி என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "மொதல்ல அது தறிதாம்மா. தறின்னா மிதிக்கு ஒரு கணக்கு இருக்குது. இந்தக் கால், அந்தக் கால், இந்தக் கால், அந்தக் கால். நான் இவரு பக்கத்துல ஒக்காந்து பன்னெண்டு வருசம் நாடா போட்டவ. இவரு கால் எறங்கலன்னா என் கை நாடாவ வுடாது. தூக்கத்துல கேட்டாக்கூட எனக்குத் தெரியும். ஆனா கொஞ்ச நாளா அது இல்ல. இதுல கணக்கே கெடையாது. ஒரு கால் சும்மா இருக்கும், ஒரு கால் பட் பட்டுனு போவும். கையும் சேந்து போவும். எதையோ ஒதைக்கிற கால்மா இது. தறி இல்ல."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். "கொஞ்ச நாளான்னா?"

"நாலு வருசம் இருக்கும்."

"நாலு வருசமா?" என்றேன் நான். "நீதானே காலையில தறி ஓடிச்சின்னு சொல்லுவ? போன வருசம்கூட சொன்னியே. எழுதி வெச்சிருக்கேன்."

"அதான். வேற எதுனா சொன்னா அதையும் எழுதுவீங்க. எழுதிட்டா நெசமாப்பூடும். யார ஒதைக்கறாருன்னு பாத்துக்கினு கெடப்பேன். விடிஞ்சா தறி ஓடிச்சின்னு சொல்லுவேன். அன்னிக்கு அடி வாங்கனப்பதான், ஓ, நம்மளத்தான்னு தெரிஞ்சிது."

நான்கு வருடம் நான் நாய்களோடு ஏரியில் தனியாக நின்றதாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு முழம் தள்ளி அவள் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

மருத்துவர் விளக்கினார். கனவு காணும் நேரத்தில் எல்லோருக்கும் உடம்பு அசையாமல் நின்றுவிடும். கண்ணும் மூச்சும்தான் வேலை செய்யும். அதனால்தான் கனவில் ஓடுகிறவன் பாயிலேயே கிடக்கிறான். சிலருக்கு அப்படி நிற்பதில்லை. அவர்கள் கனவில் கை ஓங்கினால் நிஜமாகவே கை ஓங்கும். கண் திறந்திருந்தாலும் எதிரில் இருப்பவர் தெரியாது. "இவருக்கு அதுதான்னு நெனைக்கிறேன். ஒரு ராத்திரி இங்க படுக்க வெச்சு பாத்தா உறுதியாயிடும். முன்னாடி குடுத்த மாத்திரை இத இன்னும் கிளப்பிவிட்டிருக்கும். கால் ஆடறது தெரிஞ்சிருந்தா அந்த டாக்டர் அதக் குடுத்திருக்க மாட்டார்."

"அப்ப கோவம் இல்லியா இது?" என்று கேட்டாள் அவள்.

"என்கிட்ட வரவங்க நெறைய பேர் பகல்ல அமைதியானவங்கதாம்மா. பயத்துல அடிக்கறாங்க. கோவத்துல இல்ல."

அவள் தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. திரும்பும்போது பேருந்தில் பெண்கள் பக்கம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, "மிசின் இன்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்புட்குழி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மருத்துவமனையில் இடம் கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது. அங்கே படுத்த இரவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. தலையில், கண்ணோரத்தில், தாடையின் கீழ், காலில் எல்லாம் கம்பி ஒட்டினார்கள். தாடைக்கு அடியில் ஒட்டியதுதான் முக்கியம் என்றார்கள். கனவு நேரத்தில் அந்தத் தசை தளர்கிறதா என்று அதில் தெரியுமாம். மேலே ஒரு காமிரா. ஏழு மாதத்தில் அன்றுதான் என் தூக்கத்தை இன்னொருவர் பார்த்தார். அந்த எண்ணத்திலேயே சீக்கிரம் தூங்கிவிட்டேன். காலையில் கம்பிகளைப் பிரித்த இளைஞர், "சார், செமயா சண்டை போட்டீங்க. யாரு கூட?" என்றார். நாய்கள் என்றேன். "எத்தன?" என்றார். ஐந்து என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

முடிவு கேட்க நான் தனியாகப் போனேன். மருத்துவர் நினைத்ததுதான். அறிக்கையில் அதைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரவில் சாப்பிட ஒரு மாத்திரை. கண்ணாடி, கூர்முனை உள்ள சாமான் எதுவும் படுக்கைக்கு அருகில் கூடாது. மாத்திரை வேலை செய்வது தெரியும் வரை தனி அறையில் படுக்க வேண்டும். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, சம்பந்தமில்லாததுபோல் ஒன்று கேட்டார்.

"வாசனை தெரியுதா உங்களுக்கு?"

தெரிகிறது என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். முதல் மருத்துவரிடம் நான் சொன்ன 'இல்லை' நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமாக ஊதுவத்தியில் வாசனை இல்லை என்று மூன்று கடை மாற்றியிருக்கிறேன். ஊதுவத்தி செய்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நாட்குறிப்பில் கோபமாக எழுதியிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். இந்தத் தூக்கக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குப் பின்னால், பல வருடம் கழித்து, கை நடுக்கமும் உடம்பு இறுக்கமும் வரும் நரம்பு நோய்களில் ஒன்று வரக்கூடும். சிலருக்கு ஞாபகம் குறையலாம். எல்லோருக்கும் வரும் என்று இல்லை. உங்களுக்கு வருமா, எப்போது என்று என்னால் சொல்ல முடியாது. நன்றாக நடங்கள், வருடம் ஒருமுறை வந்து காட்டுங்கள். இப்போது கையில் நடுக்கம் ஒன்றும் இல்லை. என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

பேருந்தில் வரும்போது அறிக்கையை மூன்று முறை படித்தேன். அதில் முதல் பாதி மட்டும் இருந்தது. பின்னால் வரக்கூடியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தத் தாளை அவளிடம் கொடுத்தால் போதும். அடித்தது நானில்லை, நோய் என்று இருக்கிறது. அவள் வந்துவிடக்கூடும். தாளில் உள்ளதை மட்டும் சொன்னால் அது பொய்யும் ஆகாது. வாலாஜாபாத் தாண்டும் வரை இதையே யோசித்தேன். ஒரு சேலையில் கரை நன்றாக இருக்கிற பக்கத்தை மட்டும் மடித்து மேலே வைத்துக்கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். நான் அதை எப்போதும் பிரித்துத்தான் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். பத்து மணிக்குக் கீரைக் கட்டோடு உள்ளே வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒக்காரு. முடிவு வந்துட்டுது."

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அறிக்கையை ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். கனவு நேரத்தில் தாடைத் தசை தளரவில்லை. பதினொரு முறை கை வீசியிருக்கிறேன். வலிப்பு இல்லை. மூச்சு அடைப்பு இல்லை.

"அவ்ளோதானா?"

"தாள்ல இருக்கறது அவ்ளோதான்."

அவள் நிமிர்ந்தாள். "தாள்ல இல்லாதது?"

சொன்னேன். நடுக்கம், இறுக்கம், ஞாபகம், வராமலும் போகலாம் என்பது, மருத்துவர் சொன்ன வரிசையில் சொன்னேன். வாசனை விஷயத்தையும் சொன்னேன். அவள் கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக, இலைகளை ஒரு பக்கமாகத் தள்ளினாள். பிறகு இரண்டையும் கலந்துவிட்டாள்.

"எத்தன வருசத்துல?"

"தெரியாது."

"டாக்டரம்மாவுக்குமா?"

"அவங்களுக்கும் தெரியாது."

தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி வந்து, நின்று, போனது.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். என் மேல கோவம் இருந்துதா இல்லியா?"

இல்லை என்றால் அவள் மனம் ஆறும். யோசித்துத்தான் சொன்னேன். "இருந்திருக்கு. ஆனா அன்னிக்கு அடிச்சது அது இல்ல."

"எதுக்குக் கோவம்?"

"இத்தன வருசமா எழுதறேன். இன்னா எழுதறீங்கன்னு ஒரு நாள் நீ கேட்டதில்ல."

அவள் என்னையே பார்த்தாள். சிரிப்பு வரும் முகம் போலவும் இருந்தது, அழும் முகம் போலவும் இருந்தது.

"இதுக்கா? எழுதறவங்ககிட்டப் போயி இன்னா எழுதறன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? என்னப் பத்தி எதுனா இருக்கும்னு பயந்துக்கினு நான் அந்த அலமாரியக்கூட தொடைக்க மாட்டேன்."

"தூசியா இருக்குதேன்னு அதுக்கும் கோவப்பட்டிருக்கேன்."

"அதையும் எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"படுபாவி" என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். நாலே முக்காலுக்கு அவள் பையை எடுத்தாள். நான் இரு என்று சொல்லவில்லை. அவளும் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. பேருந்து நிற்கும் இடம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். அந்த இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னது சரிதானா என்று தெரியாமலே படுத்தேன். தலையணை நான்கு அங்குலம் நகர்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோன் செய்தாள். "இன்னிக்கும் லீவு போடுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பத்து மணிக்கு அவள் வந்தபோது கூடவே திருப்புட்குழித் தச்சர் ஒருவர் இருந்தார். அவள் கையில் வழக்கமான பை இல்லை. தங்கை வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போன பெட்டி இருந்தது.

படுக்கையறைக் கதவைக் காட்டினாள். "இதுல ஒரு தாப்பா போடணும்."

தச்சர் கதவைத் திறந்து உட்பக்கம் பார்த்தார். "உள்ளாற ஒண்ணு இருக்குதேம்மா."

"வெளியாண்ட போடு."

"வெளியாண்டயா? யார வெச்சிப் பூட்டப் போறீங்க?"

"இவரத்தான். ராத்திரில கடிப்பாரு."

தச்சர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். அவர் அதற்குமேல் கேட்காமல் உளியை எடுத்தார்.

அரைமணியில் வேலை முடிந்தது. அவர் போனபின் என் மனைவி கூடத்தைக் காட்டினாள். "நான் இங்க படுத்துக்கறேன். கதவாண்டயே. மாத்திர கேக்குதுன்னு டாக்டரம்மா சொல்ற வரிக்கும். உள்ள போங்க, பாப்போம்."

நான் அறைக்குள் போனேன். அவள் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து தாழ்ப்பாளைத் தள்ளினாள். புதிய இரும்பு கொஞ்சம் கரகரத்துப் பிறகு விழுந்தது. நான் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கதவு அசையவில்லை. ஜன்னல் வெயில் பாயில் விழுந்திருந்தது.

அந்தப் பக்கம் அவள் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு படுக்கும் சத்தம்.

"ஏங்க, நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது."

"சத்தமா பேசல. சாதாரணமாத்தான் பேசறேன்."

"தெரியுது. கேக்குது."

"சரி" என்றாள். ஆனால் உடனே எழுந்து கதவைத் திறக்கவில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை.